மட்டையோடு வரும் பிட்சரை எடைபோடுவது எப்படி: பேட்டிங், பன்ட், ஓட்டம்

பேஸ்பாலில் வாரன் ஸ்பான் என்றொரு இடதுகைப் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், இருந்தார். 1942-இல் தொடங்கி 1965 வரை, பெரும்பாலும் பிரேவ்ஸ் அணிக்காகப் பந்து வீசியவர். பிட்சராக அவர் ஜெயித்த ஆட்டங்கள் 363. மட்டையைப் பிடித்து அவர் அடித்த ஹிட்களும் (அவுட்டாகாமல் பேஸை, அதாவது ஓடித் தொட வேண்டிய இடத்தை, அடைய வைத்த அடிகள்) சரியாக 363. முதல் கணக்கை எல்லோரும் சொல்வார்கள், இரண்டாவதைச் சொல்பவர்கள் குறைவு. அந்த ஹிட்களில் 35 ஹோம் ரன்கள், அதாவது ஒரே அடியில் நான்கு பேஸையும் சுற்றி வந்து ரன் எடுத்தவை. நேஷனல் லீக் வரலாற்றில் வேறெந்தப் பிட்சரும் அத்தனை ஹோம் ரன் அடித்ததில்லை.

இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது கணக்குக்காக. பேஸ்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுப் பார்க்கும்போது, பிட்சர் மட்டையோடு வந்து நின்றதும் "சரி, இவர் அவுட்தான்" என்று காபி போட எழுந்து போய்விடுகிறார்கள். போகாதீர்கள். ஆட்டத்தின் மிக நுணுக்கமான முடிவுகள் சில அந்த இரண்டு நிமிடத்தில்தான் எடுக்கப்படுகின்றன. நல்ல பிட்சர் மட்டையால் ஆட்டத்தை ஜெயித்துத் தருவது அபூர்வம். ஆனால் அவர் தன் அவுட்டை வீணாக்காமல் கொடுக்கிறாரா என்பதில் ஓர் அணியின் இன்னிங்ஸ் (மூன்று பேர் அவுட்டானதும் முடியும் சுற்று, ஆட்டத்துக்கு ஒன்பது) பலமுறை மாறிப்போகும். நான் பார்க்கச் சொல்வது அதைத்தான். ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்த ஆண்டு, எந்த லீக் என்று பாருங்கள்

எல்லா ஆட்டத்திலும் பிட்சர் பேட்டிங் செய்யமாட்டார். அமெரிக்காவின் மேஜர் லீகில் இரண்டு பிரிவுகள் உண்டு: அமெரிக்கன் லீக், நேஷனல் லீக். 1973-இல் அமெரிக்கன் லீக் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பிட்சருக்குப் பதிலாக, ஃபீல்டிங்கே செய்யாத ஒருவர் பேட்டிங் மட்டும் செய்யலாம். அவருக்குப் பெயர் டெசிக்னேட்டட் ஹிட்டர், சுருக்கமாக டிஎச். 1973 ஏப்ரல் 6 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் யாங்கீஸ் அணியின் ரான் ப்ளூம்பெர்க் முதல் டிஎச்சாக இறங்கினார்.

நேஷனல் லீக் அந்த வழிக்கு வரவில்லை. அங்கே பிட்சர்கள் 2021 வரை தாங்களே மட்டை பிடித்தார்கள். இடையில் 2020 மட்டும் விதிவிலக்கு. கொரோனாவால் சுருங்கிய அந்த சீசனில் இரண்டு லீகிலும் டிஎச் இருந்தது. 2022 முதல் இரண்டிலும் அது நிரந்தரமாகிவிட்டது.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன்? 1973-க்கும் 1996-க்கும் இடையில் அமெரிக்கன் லீகில் மட்டும் வீசிய ஒருவரின் பேட்டிங் பக்கம் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். அதை வைத்து அவருக்கு பேட்டிங் வராது என்று முடிவு கட்டக்கூடாது, அவருக்கு வாய்ப்பே வரவில்லை. 1997-இல் இரண்டு லீக் அணிகளும் சீசன் நடுவே மோதத் தொடங்கின. அதன் பிறகு அமெரிக்கன் லீக் பிட்சர்கள் ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டையைத் தொட்டார்கள். அந்த நாலைந்து வாய்ப்பை ஒரு நேஷனல் லீக் பிட்சரின் 70 வாய்ப்போடு ஒப்பிடுவது நியாயமில்லை.

அளவுகோலை மாற்றிக்கொள்ளுங்கள்

பேட்டிங் சராசரி என்பது ஹிட்களை வாய்ப்புகளால் வகுத்தால் வரும் எண். 2021-இல் மேஜர் லீக் முழுவதற்குமான சராசரி 0.244. அதே ஆண்டில் பிட்சர்களின் சராசரி 0.110. ஒன்பது முறை வந்தால் ஒரு ஹிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்ததில் நூற்றுக்கு நாற்பது முறைக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட்.

கிரிக்கெட்டில் பதினொன்றாம் ஆள் ஆடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதாகத் தெரியாது. ஆனால் கிரிக்கெட்டில் அவர் பந்தைத் தடுத்துவிட்டு அங்கேயே நிற்கலாம். இங்கே அந்த வசதி இல்லை, மூன்று ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறிய பந்து, அல்லது அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்தும் விட்டுவிட்ட பந்து) விழுந்தால் வெளியே. பந்து புறப்படும் இடத்துக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம், அதாவது 18 மீட்டரும் கொஞ்சமும். வேகப்பந்து அதை அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். தினமும் பேட்டிங் செய்பவர்களே திணறும் இடத்தில், ஐந்து நாளுக்கு ஒருமுறை மட்டையைத் தொடும் ஒருவர் வந்து நிற்கிறார். அதற்கு முன் மைனர் லீகில் பல ஆண்டுகள் டிஎச் விதியின் கீழ் வீசி, மட்டையை மறந்தே வந்திருப்பார்.

அதனால் பிட்சரைப் பிட்சரோடுதான் ஒப்பிட வேண்டும். 2021 வரையான இருபது ஆண்டு ஆட்டங்களுக்கு நான் வைத்திருக்கும் அளவு இது: 0.100 சாதாரணம், 0.150 நல்லது, 0.200-ஐத் தொட்டால் எதிரணி கவனமாக வீச வேண்டிய ஆள். இன்னும் பழைய காலத்துக்குப் போனால் எல்லாவற்றையும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். அப்போது பிட்சர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையில் இவ்வளவு பள்ளம் இல்லை.

இரண்டு முனைகளையும் தெரிந்து வைத்துக்கொண்டால் நடுவில் இருப்பவர்களை நிறுத்திப் பார்ப்பது எளிது. கீழ் முனையில் பாப் பூல். 1962-இல் 70 வாய்ப்பு, ஒரு ஹிட்கூட இல்லை. ரான் ஹெர்பெல் தன் காலம் முழுவதும் சேர்த்து 206 வாய்ப்பில் 6 ஹிட், சராசரி 0.029. மேல் முனையில் வெஸ் ஃபெரல். வாழ்நாள் சராசரி 0.280, பிட்சராக இருந்து அடித்த ஹோம் ரன் 37, அதில் 9 ஒரே சீசனில், 1931-இல். இரண்டுமே பிட்சர்களுக்கான சாதனைகள். நம் காலத்தில் ஜாக் கிரெய்ன்கி, 0.225 சராசரியோடு 9 ஹோம் ரன்கள்.

ஷோஹெய் ஒதானியை இந்தத் தராசில் வைக்காதீர்கள். 2021-இல் அவர் பிட்சராக 9 ஆட்டம் ஜெயித்துக்கொண்டே 46 ஹோம் ரன் அடித்து, 26 முறை பேஸும் திருடினார், அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தார். அவர் தினமும் பேட்டிங் செய்யும் முழு பேட்டர். பிட்சராகத் தொடங்கிய பேப் ரூத்தும் பாஸ்டனில் கடைசி இரண்டு ஆண்டுகளில் அந்த வகைக்கு வந்துவிட்டார்.

சராசரிக்கு அடியில் என்ன இருக்கிறது

தொடக்கத்தில் நானும் சராசரியை மட்டும் பார்த்து ஆட்களை வரிசைப்படுத்தினேன். அது தவறு என்று புரிய வைத்தது ஒரு சின்னக் கணக்கு. முழு சீசன் ஆடிய பிட்சருக்கு 70 வாய்ப்பு என்று வையுங்கள். மட்டையின் ஓரத்தில் பட்டு உருண்டு போன மூன்று பந்துகள் அதிர்ஷ்டத்தில் ஹிட்டாகிவிட்டால் சராசரி 0.043 ஏறிவிடும். சாதாரணத்துக்கும் நல்லதுக்கும் இடையிலான தூரமே அவ்வளவுதான். அதனால் ஓர் ஆண்டை வைத்துப் பேசாதீர்கள். வால்டர் ஜான்சன் 1925-இல் 97 வாய்ப்பில் 42 ஹிட் அடித்தார், சராசரி 0.433. வாழ்நாள் சராசரி 0.235. அவரைப் பற்றி எனக்குச் சொல்வது இரண்டாவது எண்தான். அதுவும் பிட்சருக்கு அருமையான எண்.

ஆட்டம் நடந்த மைதானத்தையும் பாருங்கள். மைக் ஹாம்ப்டன் 1999 முதல் 2003 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டு சிறந்த பேட்டிங் பிட்சருக்கான சில்வர் ஸ்லக்கர் விருதை வாங்கியவர். 2001-இல் மட்டும் 7 ஹோம் ரன். அந்த ஆண்டு அவருடைய சொந்த மைதானம் டென்வரில் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம், காற்று மெல்லியது, பந்து தூரம் போகும். ஹாம்ப்டன் நல்ல பேட்டர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த 7-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டேன்.

நேரில் பார்க்கும்போது நோட்டில் குறிக்க வேண்டியது மூன்று: எத்தனை பந்து சந்தித்தார், எத்தனை முறை மட்டையில் பட்டது, ஸ்ட்ரைக்குக்கு வெளியே போன பந்தை விட்டாரா. ஆறு பந்து சந்தித்துவிட்டு அவுட்டாகும் பிட்சர், முதல் பந்தையே தூக்கி அடித்து அவுட்டாகும் பிட்சரைவிட அணிக்கு அதிகம் செய்கிறார். எதிரணிப் பிட்சருக்கு வேலை வைக்கிறார். தன் அணிப் பேட்டர்களுக்குப் பந்து எப்படி வளைகிறது என்று காட்டிவிட்டுப் போகிறார்.

நிற்கும் பக்கத்தையும் கவனியுங்கள். வலது பக்கம் நின்று ஆடுபவருக்கு இடது கை பந்துக்கு முன்னால் இருக்கும். வலது கையால் வீசும் பிட்சருக்கு அது நல்லது, வீசும் கை மறைவாகிவிடும். வலது கையால் வீசி இடது பக்கம் நின்று ஆடுபவருக்கு வீசும் கையே முன்னால் வந்துவிடும். ஒதானி முழங்கைக்குக் காப்பு மாட்டிக்கொண்டு நிற்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பன்ட்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

மட்டையை வீசாமல், குறுக்கே நீட்டிப் பிடித்து, பந்தை மெதுவாகத் தரையில் இறக்கிவிடுவது பன்ட். பேஸில் நம் ஆள் நிற்கும்போது, தான் அவுட்டானாலும் பரவாயில்லை, அவர் ஒரு பேஸ் முன்னேறட்டும் என்று செய்வது சாக்ரிஃபைஸ் பன்ட். பிட்சரின் மட்டையில் இருக்கும் பெரிய ஆயுதம் இதுதான்.

மற்ற பேட்டர்கள் இதைச் செய்வது பெரும்பாலும் நஷ்டம். இன்னிங்ஸில் இன்னும் யாரும் அவுட் ஆகவில்லை, முதல் பேஸில் ஒருவர் நிற்கிறார் என்றால் அந்த இன்னிங்ஸில் இனி சராசரியாக ஏறத்தாழ 0.9 ரன் வரும். பன்ட் வெற்றிகரமாக முடிந்து ஒருவர் அவுட், ரன்னர் இரண்டாம் பேஸில் என்றாகிவிட்டால் அது ஏறத்தாழ 0.7-ஆகக் குறைகிறது. நினைத்தது நடந்தும் நஷ்டம்தான். ஆனால் பத்துக்கு ஒன்பது முறை அவுட்டாகப் போகும் பிட்சருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் அடிக்க முயன்றால் ஸ்ட்ரைக் அவுட் ஆவார், ரன்னர் நின்ற இடத்திலேயே நிற்பார். அல்லது பந்து நேராக ஃபீல்டர் கைக்குப் போய் ஒரே அடியில் இருவரும் அவுட். எப்படியும் போகப் போகும் அவுட்டுக்கு ஒரு பேஸ் விலையாகக் கிடைக்கிறது என்றால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, நல்ல பன்ட்டை எப்படி அடையாளம் காண்பது? முதலில் முழங்காலைப் பாருங்கள். நன்றாகச் செய்பவர் முழங்காலை மடக்கி, கண்ணைப் பந்தின் உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். மட்டை ஸ்ட்ரைக் எல்லையின் மேல் விளிம்பில் இருக்கும். அதற்கு மேலே வரும் பந்தை அப்படியே விட்டுவிடலாம், கீழே வந்தால் மட்டையைக் கையால் மட்டும் இறக்காமல் முழங்காலை இன்னும் மடக்கி இறங்கலாம். மட்டையின் நுனி கைப்பிடியைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். நுனி தாழ்ந்தால் பந்து அடியில் பட்டு மேலே எழும்பிவிடும், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் இரண்டு அடி நகர்ந்து பிடித்துவிடுவார். மேல் கை மட்டையைப் பின்னாலிருந்து விரல் நுனிகளால் பிடித்திருக்க வேண்டும். முழுக் கையால் சுற்றிப் பிடித்தால் விரல் பந்துக்கும் மட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். விரல் போனால் ஒரு பிட்சரிடம் என்ன மிச்சம்? கடைசியாக, பந்து படும் நேரத்தில் கை இறுகியிருக்கக்கூடாது. பந்தை மட்டையால் அடிக்காமல் மட்டையால் பிடிப்பதுபோல இருந்தால் அது நல்ல பன்ட்.

அப்புறம் பந்து எங்கே போனது என்று பாருங்கள். முதல் பேஸில் மட்டும் ஆள் இருந்தால், பந்து முதல் பேஸ் பக்கம் போவது நல்லது. அங்கே நிற்கும் ஃபீல்டர் ரன்னரைப் பிடித்து வைக்கப் பேஸோடு ஒட்டி நிற்பார், ஓடிவரத் தாமதமாகும். முதல், இரண்டாம் பேஸ் இரண்டிலும் ஆள் இருந்தால் கதை மாறிவிடும். மூன்றாம் பேஸில் தொட்டாலே ரன்னர் அவுட் என்பதால் எதிரணி அங்கேதான் கண் வைத்திருக்கும். அப்போது பந்து மூன்றாம் பேஸ் கோட்டை ஒட்டி, அங்கே நிற்கும் ஃபீல்டரே பேஸை விட்டு இறங்கி வந்து எடுக்கும் அளவுக்குப் போக வேண்டும். பிட்சரின் கைக்குப் போகும் அளவுக்கு மெதுவாகவும் இருக்கக்கூடாது. என் கணிப்பில் பன்ட்டில் இதுதான் மிகக் கடினம். இதை ஒழுங்காகச் செய்யும் பிட்சரைப் பார்த்தால் நோட்டில் இரண்டு கோடு போடுவேன்.

இதற்கிடையில் எதிரணியும் சும்மா இருக்காது. பிட்சர் பன்ட்டுக்கு நிற்கிறார் என்று தெரிந்ததும் இரண்டு ஓர ஃபீல்டர்களும் முன்னால் பாய்ந்து வருவார்கள், சில நேரம் பேட்டரின் முகத்துக்கு முன்னால் நிற்பதுபோல. அதற்கு ஒரு பதில் இருக்கிறது. பன்ட்டுக்கு நிற்பதுபோலக் காட்டி, ஃபீல்டர்கள் ஓடிவரத் தொடங்கியதும் மட்டையைப் பின்னிழுத்து, தரையோடு தரையாகப் பந்தை அடித்து அவர்களைத் தாண்டி அனுப்புவது. சிலர்தான் செய்வார்கள். செய்பவரைக் கண்டுபிடித்துவிட்டால் அதன் பிறகு அவருடைய ஆட்டங்களைத் தேடிப் பார்ப்பீர்கள்.

ஒரு விதியை மறக்காதீர்கள். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு பன்ட் செய்து பந்து கோட்டுக்கு வெளியே போனால் பேட்டர் அவுட். சாதாரண அடியில் அப்படி இல்லை, எத்தனை ஃபவுல் வேண்டுமானாலும் போகலாம். ஆகவே முதல் இரண்டு பந்தையும் ஃபவுலாக்கிய பிட்சர் மூன்றாவதுக்கும் பன்ட்டுக்கே நின்றால், அவருடைய மேனேஜர் (ஆட்டத்தின் முடிவுகளை எடுக்கும் தலைமைப் பயிற்சியாளர்) அவருடைய பன்ட்டை எவ்வளவு நம்புகிறார், அல்லது அவருடைய பேட்டிங்கை எவ்வளவு நம்பவில்லை என்பது தெரிந்துவிடும்.

எண்களுக்கு வருவோம். புள்ளிவிவரப் பக்கங்களில் வெற்றிகரமான சாக்ரிஃபைஸ் பன்ட் எஸ்எச் என்ற பத்தியில் இருக்கும். அது வாய்ப்புக் கணக்கில் சேராது, சராசரியைக் குறைக்காது. இந்தப் பத்தியின் குறை, அதில் வெற்றி மட்டும்தான் இருக்கிறது என்பது. ஒருவர் ஆண்டுக்கு 10 பன்ட் வெற்றி என்றால் அவர் முயன்றது 12 முறையா 20 முறையா? தோல்விகள் ஸ்ட்ரைக் அவுட் என்றும் கேட்ச் என்றும் வேறு வேறு பத்திகளில் போய் ஒளிந்துகொள்கின்றன. இதைத் தோண்டி எடுக்க ரெட்ரோஷீட் என்ற இலவசத் தொகுப்பு உதவும். அதில் பந்துக்குப் பந்து விவரம் இருக்கும் ஆட்டங்களில் எல் என்ற எழுத்து இருந்தால் பன்ட் ஃபவுல் ஆனது, எம் என்றால் பன்ட்டுக்கு முயன்று மட்டையில் படவில்லை. இந்த இரண்டு எழுத்தையும் எண்ணினாலே ஒரு பிட்சரின் பன்ட் பற்றி நிறையத் தெரிந்துவிடும். நான் முயற்சிகளை எல்லாம் கூட்டி, அதில் எத்தனை முறை ரன்னர் நகர்ந்தார் என்று பார்க்கிறேன். பத்துக்கு ஏழு தாண்டினால் அவரை நல்லவர்கள் பட்டியலில் சேர்ப்பேன். பத்துக்கு ஐந்துக்குக் கீழே என்றால் மேனேஜர் அவரை அடிக்கவே விட்டிருக்கலாம்.

பேஸில் நிற்கும்போது

ஓட்டத்தை எடைபோட எண்கள் அதிகம் உதவாது. பிட்சர்கள் பேஸ் திருடுவது அபூர்வம். கிரெய்ன்கி தன் காலம் முழுக்கத் திருடியது 9, அதற்கே அவரை எல்லோரும் வியந்து பேசினார்கள். டான் நியூகோம்ப் 1955-இல் ஹோம் பிளேட்டையே திருடினார். அதே சீசனில் சராசரி 0.359, ஹோம் ரன் 7, பிட்சராக 20 வெற்றி. அந்த மாதிரி ஆண்டு இன்னொருவருக்கு அமைவது கஷ்டம்.

திருட்டை விட்டுவிட்டு வேறு இரண்டைப் பாருங்கள். ஒன்று, அவர் முதல் பேஸில் நிற்கும்போது அடுத்தவர் ஒற்றை ஹிட் அடித்தால் இரண்டாம் பேஸில் நிற்கிறாரா, மூன்றாவதுக்குப் போகிறாரா. இன்னொன்று, இரண்டாம் பேஸிலிருந்து ஹோம் வந்து சேர்கிறாரா. மூன்றாம் பேஸ் அருகே நிற்கும் பயிற்சியாளரின் கையைக் கவனியுங்கள். இரண்டு கையையும் தூக்கி நிறுத்தினால், அது பெரும்பாலும் பிட்சரின் காலைப் பற்றிய தீர்ப்பு மட்டும் இல்லை. அடுத்த இன்னிங்ஸில் அவர் வீச வேண்டும், மூச்சு வாங்கக்கூடாது என்ற கவலையும் அதில் உண்டு. அதனால் நிற்கச் சொன்னதால் நின்றவரை மெதுவானவர் என்று எழுதிவிடாதீர்கள்.

பழைய ஆட்டங்களில் பிட்சர் பேஸை அடைந்ததும் அணி உட்காரும் டக்அவுட்டிலிருந்து ஒரு பையன் ஜாக்கெட்டோடு ஓடிவருவான். வீசும் கை குளிர்ந்துவிடக்கூடாது என்பதற்காக. கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு இரண்டாம் பேஸில் நிற்கும் பிட்சரைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் ஒன்று. இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. ஓர் அவுட் ஆகியிருக்கும்போது பிட்சர் ஓடி, இரண்டாவது அவுட்டாகித் திரும்பினால் அடுத்த பேட்டர் அவசரப்படமாட்டார். ஒன்றிரண்டு பந்தை விட்டுப் பார்ப்பார். பிட்சருக்கு மூச்சு திரும்பட்டும் என்று தன் ஒரு ஸ்ட்ரைக்கைக் கொடுக்கிறார். எந்தப் பத்தியிலும் ஏறாத உதவி அது.

மேனேஜர் என்ன செய்கிறார்

பிட்சர் வழக்கமாக ஒன்பதாவதாக இறங்குவார். டோனி லா ருஸா 1998-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் எட்டாவதாக இறக்கிப் பார்த்தார். ஒன்பதாம் இடத்தில் ஓர் உண்மையான பேட்டர் இருந்தால், வரிசையின் தலைக்கு வரும்போது பேஸில் ஆள் இருக்கும் என்பது அவருடைய எண்ணம்.

இரண்டு அவுட் ஆகியிருக்கும்போது எதிரணி எட்டாவது பேட்டரை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்க விட்டு, பிட்சரை எதிர்கொள்ளும். இது அடிக்கடி நடக்கும். ஒரு பிட்சருக்கு முன்னால் இதைச் செய்ய எதிரணி தயங்குகிறது என்றால் அவருடைய மட்டைக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸ் வந்ததும் மேனேஜரைப் பாருங்கள். ரன் வேண்டும், பேஸில் ஆள் இருக்கிறது, பிட்சரின் முறை. நன்றாக வீசிக்கொண்டிருக்கும் ஒருவரை எடுத்துவிட்டு மாற்று பேட்டரை அனுப்பலாம், ஆனால் எடுத்தவர் திரும்ப வரமுடியாது. ஓரளவு பேட்டிங் தெரிந்த பிட்சர் இந்த இடத்தில் தப்பித்து இன்னும் ஓர் இன்னிங்ஸ் வீசுவார். பேட்டிங்கால் அவர் சம்பாதித்த உண்மையான பலன் அந்தக் கூடுதல் இன்னிங்ஸ்தான். ஆகவே நோட்டில், "ஏழாவதில் எடுக்கவில்லை" என்று ஒரு குறிப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

சில நேரம் பிட்சரே மாற்று பேட்டராக வருவார். 2021 ஜூலை 4 அன்று மயாமிக்கு எதிராகப் பத்தாவது இன்னிங்ஸில் பிரேவ்ஸ் அணி மேக்ஸ் ஃப்ரீடை அனுப்பியது. அவர் அடித்த ஹிட்டில் ஆட்டம் முடிந்தது, 8-7. அதே ஆண்டின் உலகத் தொடர் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) ஐந்தாம் ஆட்டத்தில் கிரெய்ன்கியும் மாற்று பேட்டராக வந்து ஹிட் அடித்தார். சில வாரங்களில் சில்வர் ஸ்லக்கர் விருது ஃப்ரீடுக்குப் போனது. பிட்சர்களுக்கு அந்த விருது கொடுக்கப்பட்ட கடைசி ஆண்டு அது.

உடம்பின் கணக்கு

டிஎச் ஏன் இரண்டு லீகுக்கும் வந்தது என்று புரிய வேண்டுமானால் காயங்களைப் பார்க்க வேண்டும். தைவானின் சியென்-மிங் வாங் யாங்கீஸ் அணியின் முதன்மைப் பிட்சர். அமெரிக்கன் லீகில் அவர் பேஸ் ஓடத் தேவையே இல்லை. 2008 ஜூனில் ஹூஸ்டனில், நேஷனல் லீக் விதிப்படி நடந்த ஆட்டத்தில், ஹோமை நோக்கி ஓடும்போது வலது பாதத்தில் தசைநார் கிழிந்துபோனது. அதற்குப் பிறகு பழைய வாங்கை யாரும் பார்க்கவில்லை. 2015-இல் ஆடம் வெய்ன்ரைட் மில்வாக்கியில் பந்தை அடித்துவிட்டு ஓடத் தொடங்கிய அடியில் குதிகால் தசைநார் அறுந்தது. 2017 செப்டம்பரில் ஜிம்மி நெல்சன் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் ஹிட் அடித்துவிட்டு முதல் பேஸுக்குத் திரும்பப் பாய்ந்தார். வீசும் தோள் போனது, 2018 முழுவதும் ஆடவில்லை.

மேக்ஸ் ஷெர்ஸர் 2019 ஜூனில் பயிற்சியில் பன்ட் செய்யும்போது பந்து மட்டையில் பட்டுத் திரும்பி மூக்கு உடைந்தது. மறுநாள் இரவு கண்ணைச் சுற்றிக் கறுத்த வீக்கத்தோடு வந்து பிலடெல்பியாவுக்கு எதிராக 7 இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார்.

இவற்றைப் படித்துவிட்டு டிஎச் வந்தது நியாயம்தான் என்று சொல்பவர்களை என்னால் மறுக்க முடியாது. ஆனாலும் பிட்சர் தன் முறைக்குத் தானே வந்து நிற்கும் ஆட்டம்தான் எனக்கு முழுமையான ஆட்டம். பந்து வீசி ஒருவரைத் துன்புறுத்தியவர், அடுத்த பாதியில் அதே துன்பத்தைத் தானும் வாங்கிக்கொள்கிறார்.

எந்த ஆட்டங்களிலிருந்து தொடங்கலாம்

இணையத்தில் தேடுங்கள், சிலவற்றுக்குக் காணொளி கிடைக்கும், சிலவற்றுக்கு ஸ்கோர் அட்டை மட்டும். 1966 ஜூலை 3, சான் பிரான்சிஸ்கோவில் டோனி க்ளோனிங்கர்: மூன்று பேஸும் நிறைந்திருக்கும்போது அடிக்கும் கிராண்ட் ஸ்லாம் ஒரே ஆட்டத்தில் இரண்டு. 1971 ஜூன் 23, சின்சினாட்டியில் ரிக் வைஸ்: எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீசி, தானும் இரண்டு ஹோம் ரன் அடித்தார். 2017 சீசனின் முதல் நாளில் மேடிசன் பம்கார்னர் இரண்டு ஹோம் ரன். இந்த மூன்றும் உச்சங்கள், இவற்றை வைத்து அளவுகோல் செய்யாதீர்கள். இன்னொன்று 2016 மே 7, சான் டியேகோ. பார்டோலோ கொலோன், வயது 42, வாழ்நாள் சராசரி 0.084. தன் முதல் ஹோம் ரன்னை அடித்துவிட்டு நான்கு பேஸையும் சுற்றி வர ஏறத்தாழ அரை நிமிடம் எடுத்துக்கொண்டார். அந்தச் சுற்றை முழுதாகப் பாருங்கள்.

அதன் பிறகு 2010-களின் ஏதாவது ஒரு சாதாரண நேஷனல் லீக் ஆட்டத்தை எடுங்கள். யாரும் நினைவில் வைத்திருக்காத ஆட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பிட்சருக்கும் நோட்டில் ஒவ்வொரு பக்கம் ஒதுக்கி, சந்தித்த பந்துகள், பன்ட் முயற்சிகள், பேஸில் எடுத்த முடிவுகள், மேனேஜர் எப்போது எடுத்தார் என்பதை எழுதுங்கள். ஐந்தாறு ஆட்டத்தில் கண் பழகிவிடும்.

நேரலையாகப் பார்க்க ஆசை என்றால் ஜப்பான் பக்கம் திரும்புங்கள். அங்கே பசிபிக் லீகில் 1975 முதல் டிஎச் உண்டு. ஹன்ஷின் டைகர்ஸ், யோமியூரி ஜயன்ட்ஸ், ஹிரோஷிமா கார்ப் எல்லாம் ஆடும் சென்ட்ரல் லீக் மட்டும் பிட்சரின் மட்டையை விடாமல் வைத்திருந்தது. 400 ஆட்டம் ஜெயித்த மசாய்ச்சி கனேடா பிட்சராக 36 ஹோம் ரன் அடித்த நாடு அது. பன்ட்டுக்கு அங்கே தனி மரியாதை, அமெரிக்காவைவிட அடிக்கடி பார்க்கலாம். சென்ட்ரல் லீகும் 2027 முதல் டிஎச்சுக்கு மாறுவதாக அறிவித்துவிட்டது. ஆகவே பிட்சர்கள் அங்கே மட்டை பிடிக்கும் கடைசி சீசன் 2026. ஜப்பான் நேரம் மாலை 6 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குப் பிற்பகல் 2:30. மூன்றாவது இன்னிங்ஸ் வாக்கில் பிட்சரின் முதல் முறை வரும், அதற்குள் நோட்டோடு உட்கார்ந்துவிடுங்கள்.